அந்த வலது ஓரத்தை வெட்டாதீர்கள்

தமிழ் இதழ்களின் ஆசிரியர்களுக்கும், பக்கம் வடிவமைப்பவர்களுக்கும், நூல்களுக்கு அட்டை செய்யும் நண்பர்களுக்கும்

வணக்கம்.

நான் எட்சிங் போடுகிறவன். தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் ஊறப்போட்டு, மை தடவித் துடைத்துத் தாளில் எடுப்பதுதான் இருபது வருடத்துக்கு மேலாக என் வேலை. செப்புத் தகடு கட்டுப்படியாகாததால் பெரும்பாலும் ஜிங்க் தகடுதான். இதைச் சொல்லிக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்களிடம் நான் கேட்க வந்திருப்பது ஒரு தகட்டின் ஓரத்தைப் பற்றியது. அந்த ஓரம் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பது, தகட்டைக் கையில் பிடித்த பழக்கத்திலிருந்து வந்ததுதான்.

சில மாதங்களுக்கு முன் ஓர் இதழ் தபாலில் வந்தது. பெயர் வேண்டாம், அவர்கள் எனக்கு வேண்டியவர்கள். போரில் கொல்லப்பட்டவர்களைப் பற்றிய சிறப்பிதழ். அட்டையைப் பார்த்ததும் படம் எதுவென்று தெரிந்துவிட்டது. ஸ்பெயின் நாட்டுப் பிரான்சிஸ்கோ கோயாவின் 'போரின் பேரழிவுகள்' என்ற அச்சுப்பட வரிசையில் 15-ஆவது. கண் கட்டப்பட்டு, கைகள் பின்னால் பிணைக்கப்பட்டு, கம்பத்தோடு சேர்ந்து நிற்கும் ஒரு மனிதன். அட்டை முழுக்க அவன் மட்டும்தான் இருந்தான். அவன் காலடியில் கிடக்கிற பிணத்தின் மேல் விலை அச்சடிக்கப்பட்டிருந்தது. பின்னால் நடக்கிற இன்னொரு கொலை காணோம். வலது ஓரம் அடியோடு இல்லை. உள்ளே புரட்டினேன். 'அட்டை ஓவியம்: இணையம்' என்று போட்டிருந்தது.

ஆசிரியரைப் போனில் அழைத்தேன். அவர் நல்ல மனிதர், உடனே அட்டையைச் செய்த தம்பியிடம் கொடுத்தார். அந்தத் தம்பி சொன்னதை அப்படியே தருகிறேன்: "அண்ணே, ரைட் சைடுல மூணு கம்பி மாதிரி நீட்டிக்கிட்டு இருந்துச்சு. ஸ்கேன் பண்ணும்போது விழுந்த கோடுன்னு நெனச்சேன். பாக்கவும் இடைஞ்சலா இருந்துச்சு. அதான் எடுத்துட்டேன்."

அவை என்ன என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அது துப்பாக்கியாண்ணே?" என்றான்.

அந்தக் குரலை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அவன்மேல் எனக்கு வருத்தமில்லை. யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. படத்தின் பெயரையோ வரைந்தவரையோ குறிப்பிடாத ஒரு கோப்பு அவன் கைக்கு வந்தது, அட்டை நெட்டுவாக்கு, படம் அகலவாக்கு. வெட்டித்தான் ஆக வேண்டும் என்று அவன் நினைத்ததில் என்ன தப்பு? ஆனால் இது ஓர் இதழில் மட்டும் நடந்ததில்லை. இந்தப் படத்தையும் இதன் உடன்பிறப்புகளையும் வலப்பக்கம் கழித்து அச்சிட்ட அட்டைகளை நான் பல தடவை பார்த்துவிட்டேன். அதனால்தான் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

படத்தை முழுசாக ஒருமுறை சொல்கிறேன். மொத்தப் படமே சுமார் 14 செ.மீ. உயரம், 16 செ.மீ. அகலம். உள்ளங்கையை விரித்தால் மறைந்துவிடும். முன்னால் வெளிர் உடையில் நிற்கிறானே, அவன் தலை தொங்கிவிட்டது. கால்மாட்டில், அவனுக்கு முன்னால் சுடப்பட்டவன் முகம் சிதைந்து கிடக்கிறான். பின்னால், தூரத்தில், சிப்பாய்கள் வரிசையாக நின்று, கட்டிப்போட்ட இன்னொருவனைக் குறிபார்க்கிறார்கள். முடிந்த கொலை கீழே, நடக்கிற கொலை பின்னால், நடக்கப்போகிற கொலை நட்டநடுவில். மேலே வானம் முழுக்க நெருக்கமாகக் கீறிய கோடுகள், இருட்டு. இதையெல்லாம் பார்த்துக்கொண்டே கண் இடமிருந்து வலமாகப் போகிறது. நாமும் இடமிருந்து வலமாகப் படிக்கிறவர்கள்தானே. படம் முடிகிற இடத்தில், கடைசியில், மூன்று துப்பாக்கிக் குழல்களின் முனைகள் சட்டத்துக்கு வெளியிலிருந்து உள்ளே நீட்டிக்கொண்டிருக்கின்றன. பிடித்திருக்கிற கை இல்லை. முகம் இல்லை. தொப்பிகூட இல்லை.

வெட்டிய பிறகு மிச்சமிருப்பது என்ன? துயரத்தோடு நிற்கும் ஒரு மனிதன். அவனைக் கொல்ல யாரும் வரவில்லை. விதி அவனை அங்கே நிறுத்தியதுபோல் இருக்கிறது. சற்றுத் தள்ளி நின்று விசையில் விரல் வைத்திருக்கிறவர்களை நாமே காப்பாற்றி வெளியே அனுப்பிவிட்டோம்.

இந்தக் குழல்கள் ஓரத்தில் தற்செயலாக அமைந்தவை அல்ல என்பதை ஒரு கைவினைஞனாக உங்களுக்குச் சொல்ல முடியும். தகட்டில் இடப்பக்கம் கீறியது தாளில் வலப்பக்கம் விழும். ஆகவே கோயா இவற்றைச் செம்பின் இடது விளிம்பில் கீறியிருக்கிறார். விளிம்பு எங்களுக்கெல்லாம் பயம். அழுத்தும்போது தாளைக் கிழிக்காமல் இருக்க அதை அரத்தால் ராவிச் சாய்க்க வேண்டும். மை அங்கேதான் போய்த் தேங்கும். மல் துணியால் எத்தனை தடவை துடைத்தாலும் ஒரு கறுப்புக் கோடு மிச்சம் நிற்கும். அமிலம் சில சமயம் விளிம்பில் மெழுகைத் தூக்கிவிட்டு உள்ளே புகுந்துவிடும். முக்கியமானதை விளிம்பில் வைக்காதே என்பதுதான் எனக்கு முதல் வருடத்தில் சொல்லிக்கொடுத்த பாடம். கோயா இந்தப் படத்திலேயே மிக முக்கியமானதை அங்கே கொண்டுபோய் வைத்தார். அதுவும் தெரியாமல் செய்யவில்லை, மறுபடியும் செய்திருக்கிறார். 26-ஆவது படத்தில் குகைபோன்ற இருட்டில் ஆணும் பெண்ணுமாகச் சிலர் ஒடுங்கிக் கிடக்கிறார்கள். ஒருவர் கைகூப்பி மன்றாடுகிறார். அங்கேயும் வலது ஓரத்திலிருந்து பயனெட்டுகளின், அதாவது துப்பாக்கி முனையில் செருகும் கத்திகளின், நுனி மட்டும் வருகிறது. அதற்கு அவர் வைத்த தலைப்பு 'பார்க்க முடியாது'.

1814-இல் அவர் வரைந்த பெரிய எண்ணெய் ஓவியத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1808 மே 2-ஆம் தேதி மாட்ரிட் மக்கள் நெப்போலியனின் படைக்கு எதிராகத் தெருவில் இறங்கினார்கள். ஆயுதத்தோடு பிடிபட்டவர்களைச் சுட்டுத் தள்ளும்படி பிரெஞ்சுத் தளபதி முராத் உத்தரவிட்டார். அன்றிரவும் மறுநாள் விடியலிலும் நடந்த கொலைகளைக் காட்டும் ஓவியம் அது. 3 மீட்டருக்கு மேல் அகலம், பிராதோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் சிப்பாய்களின் முதுகாவது தெரியும். வெள்ளைச் சட்டைக்காரன் கைகளை விரித்து அவர்களை நேருக்கு நேர் பார்ப்பான். அதில் ஒரு வீரம் உண்டு, விளக்கொளி உண்டு. கையளவு அச்சுப்படத்தில் அந்த ஆறுதல் எதையும் கோயா தரவில்லை. கண்ணைக் கட்டியாகிவிட்டது, அவனால் யாரையும் பார்க்க முடியாது. கொல்கிறவர்களைப் பார்க்க வேண்டியவர்கள் நாம்தான். நமக்கும் குழல்முனை மட்டுமே கிடைக்கிறது. அதையும் வெட்டினால் எப்படி?

அந்தத் தகட்டின் கதையையும் சொல்லிவிடுகிறேன், இது என்னை விடாமல் பிடித்துவைத்திருக்கிற விஷயம். போர் 1808-இலிருந்து 1814 வரை நீடித்தது. கோயா இந்த வரிசையைத் தொடங்கியது 1810 வாக்கில், அப்போது அவருக்கு 64 வயது. 1792-93-இல் வந்த நோயில் காது முழுவதும் போய்விட்டது. அதாவது அவருக்குப் போர் என்பது சத்தமே இல்லாத காட்சி. போர்க்காலத்தில் நல்ல செம்பு கிடைப்பது பெரும்பாடு. அதற்குமுன் இரண்டு பெரிய தகடுகளில் நிலக்காட்சிகள் செதுக்கி வைத்திருந்தார். பாறையும் மரமும் அருவியுமாக அமைதியான படங்கள். அவற்றை இரண்டிரண்டு துண்டாக வெட்டினார். அந்த நான்கு துண்டுகளின் பின்புறத்தில் செதுக்கியவைதான் 13, 14, 15, 30-ஆம் படங்கள். கம்பத்தில் கட்டப்பட்ட இந்த மனிதனின் முதுகுக்குப் பின்னால் ஒரு பாதி நிலக்காட்சி இருக்கிறது.

தகடு வெட்டியவனுக்குத்தான் அது எப்படிப்பட்ட காரியம் என்று தெரியும். வாரக்கணக்கில் உழைத்த படம், ஓர் அறுப்பில் போய்விடும். ஒருமுறை நானும் அப்படி வெட்டியிருக்கிறேன், பணமுடையில். அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. தன் கையால் ஒரு நிலக்காட்சியை அறுத்து, அதன் முதுகில் இந்தக் குழல்களுக்கு இடம் செய்துகொடுத்த மனிதர் அவர். அந்த இடத்தைத்தான் நாம் மவுசால் இழுத்துக் கழித்துவிடுகிறோம்.

அடுத்தது தலைப்பு. இந்த வரிசையில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு வரி இருக்கும். அவையும் கோயாவின் சொற்களே. நண்பர் செயான் பெர்முதெஸிடம் கொடுத்த சோதனைப் பிரதிகளின் தொகுப்பில் அவை பென்சிலால் எழுதப்பட்டிருக்கின்றன. இன்று அது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. 15-ஆம் படத்தின் வரி, தமிழில் சொன்னால், 'பரிகாரமும் இல்லை'. ஸ்பானிய மொழியில் அது 'மேலும்' என்ற பொருள்படும் ஒற்றை எழுத்துச் சொல்லோடு தொடங்குகிறது. 14-ஆம் படத்தில் ஒருவனைத் தூக்குமரத்துக்கு ஏற்றுகிறார்கள், அதன் வரி 'கடினமான படி இது'. அதைப் படித்துப் பக்கத்தைத் திருப்பினால், 'பரிகாரமும் இல்லை'. நம் மொழியில் அந்த ஓர் 'உம்' போதும், முன்னே நடந்ததெல்லாம் அதில் தொங்கிக்கொண்டு வந்துவிடும். தமிழில் இதைத் தருகிறவர்கள் பெரும்பாலும் 'வேறு வழியில்லை' என்று போட்டு உம்மையை விட்டுவிடுகிறார்கள். குழல்கள் தெரிகிற படத்தின் கீழே அந்த வரி ஒரு குற்றச்சாட்டு: இத்தனை துப்பாக்கிகள் இருக்கும்போது இவனுக்கு ஏது பரிகாரம் என்கிறது. குழல்களை வெட்டிய படத்தின் கீழே அதே வரி, தலையெழுத்தை நொந்துகொள்வதாக மாறிவிடும். அந்தச் சிறப்பிதழின் அட்டையில் வரியும் இல்லை என்பது வேறு.

மற்ற தலைப்புகளும் இப்படித்தான், சுருக்கென்று குத்தும். 34-ஆவது படத்தில் ஒரு பாதிரியாரைக் கழுத்தை நெரித்துக் கொன்று மேடையில் உட்கார வைத்திருக்கிறார்கள். கைகளில் சிலுவை. கழுத்தில் ஒரு கத்தி தொங்குகிறது. தலைப்பு: 'ஒரு கத்திக்காக'. அவ்வளவுதான். 44-ஆவதில் ஊரைவிட்டு ஓடும் மக்கள்: 'நான் இதைப் பார்த்தேன்'. 45: 'இதையும்தான்'. எல்லாவற்றையும் அவர் நேரில் பார்த்தாரென்று பொருளில்லை. பார்த்தவையும் கேட்டவையும் கலந்தே இருக்கும். ஆனால் எதற்கு 'பார்த்தேன்' என்று எழுத வேண்டும், எதற்கு எழுதக் கூடாது என்பதில் அவருக்கு ஒரு கணக்கு இருந்திருக்கிறது. தலைப்பை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் எடுத்தால் அந்தக் கணக்கு போய்விடும்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், சிலருக்கு இது உவப்பாக இருக்காது. இந்த வரிசையை ஒரு தரப்பின் கொடியாகத் தூக்கிப் பிடிக்கிற பழக்கம் நமக்கு இருக்கிறது. கோயா அதற்கு இடம் தரவில்லை. 3-ஆவது படத்தில் கோடரியை ஓங்கி நிற்பவன் ஸ்பானியன், கீழே கிடப்பவன் பிரெஞ்சுச் சிப்பாய். தலைப்பு 'அதேதான்'. 28-இல் ஸ்பானியக் கும்பல் தரையில் கிடக்கும் ஒருவனை வதைக்கிறது, 29-இல் காலில் கயிறு கட்டி இழுத்துப்போகிறது. போதாததற்கு, கோயாவே அந்த ஆண்டுகளில் பிரெஞ்சு ஆட்சியின் கீழ் அரசவை ஓவியராக இருந்தவர். 1810-இல் நெப்போலியனின் அண்ணன் ஜோசப்பின் உருவத்தை வைத்து மாட்ரிட் நகரசபைக்கு ஓர் ஓவியம் வரைந்து கொடுத்தார். அதே கை, அதே ஆண்டு, வீட்டில் இந்தத் தகடுகளையும் கீறியிருக்கிறது. அதனால் அவரைத் தியாகியாக்கவும் வேண்டாம், துரோகியாக்கவும் வேண்டாம். யார் கொல்கிறார்கள் என்று ஒவ்வொரு படத்திலும் தனித்தனியாகப் பாருங்கள் என்கிறார். அதைப் பார்க்க ஓரம் வேண்டும்.

அவர் உயிரோடிருந்தவரை இந்தப் படங்கள் பொதுவெளிக்கு வரவே இல்லை. 1814-இல் திரும்பி வந்த ஏழாம் பெர்னாந்து மன்னர் அரசியல் சட்டத்தை ரத்து செய்தார், மதவிசாரணை மன்றத்தை மீண்டும் கொண்டுவந்தார். அந்த நாட்டில் இதை யார் வெளியிடுவது? 1824-இல் கோயா பிரான்சின் போர்தோ நகருக்குப் போனார், 1828-இல் அங்கேயே இறந்தார். சான் பெர்னாந்தோ கலைக் கழகம் 80 படங்களாக இதை முதன்முதலில் வெளியிட்டது 1863-இல், அவர் போய் 35 ஆண்டுகள் கழித்து. 'போரின் பேரழிவுகள்' என்ற பெயரும் அப்போது வைத்ததே. விடுபட்ட இரண்டு தகடுகளையும் சேர்த்தால் மொத்தம் 82. 1937-இல், ஸ்பெயினின் உள்நாட்டுப் போர் நடக்கும்போது, அதே தகடுகளிலிருந்து மறுபடி அச்செடுத்தார்கள். இத்தனை வருடம் இருட்டில் கிடந்து நம் கைக்கு வந்திருக்கிற படம் இது.

தமிழ் வாசகருக்கு இது எப்படிப் போய்ச் சேருகிறது என்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல. இலங்கைச் சிப்பாய்கள் கைதிகளைச் சுட்டுக் கொல்வதாகக் காட்டி 2009 ஆகஸ்டில் பிரித்தானியாவின் சேனல் 4 தொலைக்காட்சி ஒளிபரப்பிய காணொளிக்குப் பிறகு, கண் கட்டி, கைகளைப் பின்னால் கட்டிய ஒரு மனிதனைத் தாளில் கண்டால் நமக்கு வேறு நினைவு வராது. அந்தச் சிறப்பிதழும் அந்த நினைவில்தான் அவனை அட்டையில் நிறுத்தியது, எனக்குப் புரிகிறது. அதனால்தான் இன்னும் வலிக்கிறது. அந்தக் காணொளி விஷயத்தில் உலகம் ஆண்டுக்கணக்கில் விவாதித்தது எதைப் பற்றி? இறந்தவர்கள் இறந்ததைப் பற்றியா? துப்பாக்கியைப் பிடித்திருந்தவர்கள் யார், உத்தரவிட்டது யார் என்பதைப் பற்றித்தானே. அந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே ஓர் இதழ் போட்டுவிட்டு, அட்டையில் நாமே துப்பாக்கிகளை அழித்துவிட்டோம்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. படம் அகலவாக்கில் இருந்தால் அகலவாக்கிலேயே போடுங்கள். அட்டை உயரமாக இருக்கிறதா, மேலேயும் கீழேயும் வெள்ளையாக விடுங்கள், இதழின் பெயரை அந்த வெள்ளையில் வையுங்கள். சின்னதாகத் தெரியுமே என்று கவலைப்படாதீர்கள், படமே சின்னதுதான். தகடு தாளில் அழுந்திய தடம், அந்த நாற்புறப் பள்ளம், கோப்பில் இருந்தால் அதையும் விட்டு வையுங்கள். படம் எங்கே முடிகிறது என்று வாசகருக்கு அது காட்டிக்கொடுக்கும். உள்ளே ஒரு வரி: கோயா, 15-ஆம் படம், 'பரிகாரமும் இல்லை', எட்சிங், 1810-14, முதல் பதிப்பு 1863. இதற்கு இரண்டு வரி இடம் போதும். 'ஓவியம்' என்று போடுவதைவிட 'அச்சுப்படம்' என்று போடுங்கள். ஒரே தகட்டிலிருந்து பலர் கைக்குப் போகட்டும் என்று செய்த பொருள் இது.

இணையத்திலிருந்துதான் எடுக்க வேண்டுமென்றால் நல்ல இடத்திலிருந்து எடுங்கள். பிராதோ, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் போன்ற அருங்காட்சியகங்களின் தளங்களிலேயே முழுத் தகடும் தெரியும் கோப்புகள் இருக்கின்றன, மெட்ரோபாலிட்டன் கோப்புக்கு உரிமைத் தொகை கேட்க யாரும் வரமாட்டார்கள். இன்னொரு சிறு விஷயம்: கான்ட்ராஸ்டை ஏற்றாதீர்கள். 1863-இல் அச்செடுத்தவர்கள் தகட்டைச் சுத்தமாகத் துடைக்காமல் மை படலத்தோடு எடுத்தார்கள், அதனால் வானமும் நிலமும் மங்கலாக இருக்கும். கோயா தாமே எடுத்த சோதனைப் பிரதிகள் இதைவிடத் தெளிவானவை. மங்கலைப் போக்குகிறேன் என்று லெவல்ஸை இழுத்தால் முதலில் போவது மெல்லிய கோடுகள், பின்னால் நிற்கிற சிப்பாய்கள்.

அந்தத் தம்பி போன வாரம் என் பட்டறைக்கு வந்திருந்தான். என் பழைய தகடு ஒன்றில் மை தடவச் சொன்னேன், துடைக்கச் சொன்னேன், கம்பளியைப் போர்த்தி உருளைக்கு அடியில் ஓட்டச் சொன்னேன். தாளைத் தூக்கிப் பார்த்ததும் அவன் முதலில் விரல் வைத்தது படத்தில் இல்லை, ஓரத்துப் பள்ளத்தில். "இது வரைக்கும்தான் தகடாண்ணே?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். மறுபதிப்புக்கு அட்டையை மாற்றித் தர ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறானாம். கோப்பு நான் அனுப்பியாயிற்று. உங்களில் யாருக்கு வேண்டுமானாலும் கேளுங்கள், அனுப்புகிறேன், பட்டறைக்கும் வாருங்கள்.

அன்புடன்,
எட்சிங் போடும் ஒருவன்
சென்னை